குளிர்காலத்தில் கருமருந்து ரைஃபிள்: கசடும் குறியும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் ஒரு வரி நினைவிருக்கும். புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்பதுதான் அது. தோட்டாவில் கொழுப்பை எதற்காகத் தடவ வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. குண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போவதற்கு என்று ஊகிக்கலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். முந்தைய சுடுதல் குழலுக்குள் விட்டுச்சென்ற கரியை இளக்கமாக வைத்திருப்பதும் அந்தக் கொழுப்பின் வேலை. குழலில் கரி இறுகிவிட்டால் அடுத்த குண்டு உள்ளே இறங்காது, இறங்கினாலும் குறிக்குப் போகாது.

அந்தக் கரிப்படிவை இங்கே கசடு என்றே அழைப்போம். கருமருந்தால் சுடும் பழைய வகை ரைஃபிள்களை வேட்டைக்கும் போட்டிக்கும் இன்றும் எடுத்துச் செல்பவர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைப் பருவம் ஒன்று 1974 முதல் இருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பி, வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு மட்டுமே அதில் இடம். அந்த நாட்களில் அங்கே உறைபனி சாதாரணம். செப்டம்பரில் சொன்ன பேச்சைக் கேட்ட துப்பாக்கி, அப்போது நான்காவது ஐந்தாவது குண்டிலேயே முரண்டு பிடிக்கத் தொடங்கும். ஏன் அப்படி, அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். (இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கி உட்பட எதை வைத்திருப்பதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.)

எரிந்த பிறகும் பாதிக்கு மேல் மிச்சம்

கருமருந்தின் சேர்மானம் பழைய கணக்குத்தான்: வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15, கந்தகம் 10. இது எரிந்தால் என்ன மிஞ்சுகிறது என்பதை ஆண்ட்ரூ நோபிள், ஃபிரடெரிக் ஏபெல் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1870களில் மூடிய எஃகுக் கலத்துக்குள் வெடித்துப் பார்த்து அளந்தார்கள். எடையில் ஏறத்தாழ 43 சதவீதம்தான் வாயுவாக மாறுகிறது. மற்றதெல்லாம் திடப்பொருள். இன்றைய புகையற்ற மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நடுத்தர அளவு ரைஃபிள் ஒன்றுக்கு ஒரு முறைக்கு நாலரை கிராம் மருந்து என்று வைத்துக்கொண்டால், சுட்ட பிறகு சுமார் இரண்டரை கிராம் திடப்பொருள் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி குழலின் வாய் வழியே வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. அந்தப் புகை என்பதே நுண்ணிய உப்புத்துகள்தான். வெளியேறாதது குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொள்வதில் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு ஆகிய மூன்றும் முக்கியமானவை. கூடவே எரியாத கரியும் கொஞ்சம் இருக்கும். கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் வருவதற்குக் காரணம் சல்ஃபைடு. நமக்கு வேண்டிய கதாநாயகன் கார்பனேட்தான். அது ஈரத்தைக் கண்டால் விடாது. ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி கசிந்து நீர்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஈரமான நாளில் கார்பனேட் காற்றிலிருந்து நீரை இழுத்து, கசடு முழுவதையும் மை போலக் குழைத்துவிடும். அடுத்த குண்டைத் தள்ளும்போது அது தானே வழித்துக்கொண்டு இறங்கிவிடும். ஈரம் கிடைக்காத நாளில் அதே கசடு இறுகி, குண்டைத் தள்ளி இறக்கும் கோலால் உரசினால் சுரண்டும் சத்தம் கேட்கும் அளவுக்கு ஓடாகிவிடும்.

இறுக்குவது குளிரா, வறட்சியா?

பனிக்காலம் என்றாலே ஈரம் என்று நமக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. மார்கழி விடியலில் புல்வெளியில் கால் வைத்தால் நனைகிறதே! ஆனால் உறைநிலைக்குக் கீழே கதை வேறு. 30 டிகிரி செல்சியஸில் காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். பூஜ்ஜியம் டிகிரியில் தாங்குவது 5 கிராம் கூட இல்லை. மைனஸ் 10இல் இரண்டு கிராம் சொச்சம், மைனஸ் 20இல் ஒரு கிராம் அளவு. வானிலை அறிக்கை 'ஈரப்பதம் 80 சதவீதம்' என்று சொன்னாலும், அது இந்தச் சின்னக் கையிருப்பில் 80 சதவீதம்தான்.

இதோடு முடியவில்லை. ஒரு முறை சுட்டதும் குழல் சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் நுழையும் வெளிக்காற்றும் சூடாகிறது. ஆனால் அதிலுள்ள நீரின் அளவு கூடுவதில்லை. மைனஸ் 10 டிகிரிக் காற்று குழலுக்குள் 30 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 7 சதவீதத்தைத் தாண்டாது. பாலைவனக் காற்று கூட இதைவிட ஈரமாக இருக்கும். கார்பனேட் எவ்வளவு தாகத்தோடு இருந்தாலும் குடிக்க எதுவும் கிடைப்பதில்லை. கோடையில் அரிசோனாப் பாலைவனத்தில் சுடுபவரும் ஜனவரியில் மின்னசோட்டாவில் சுடுபவரும் ஒரே புலம்பலைப் புலம்புவது இதனால்தான். இருவருடைய எதிரியும் வறட்சி.

குளிர் தன் பங்குக்குச் செய்வது வேறு இரண்டு கெடுதல்கள். ஒன்று, கசடை இளக்குவதற்காக நாம் ஊற்றும் தண்ணீரை உறையவைக்கிறது. மற்றொன்று, கொழுப்பையும் மெழுகையும் கட்டியாக்கிவிடுகிறது. வெயில் காலத்துக்குச் சொல்லப்படும் வழிமுறைகளில் பாதி இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் அடிபட்டுப் போகும்.

குறி ஏன் பிசகுகிறது

ரைஃபிளின் குழலுக்குள் சுழல்வரிப் பள்ளங்கள் உண்டு. குண்டு அந்தப் பள்ளங்களை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் சுழலும். சுழன்றால்தான் நேராகப் போகும். அதற்கு முந்தைய வழுவழுக் குழல் மஸ்கட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கியில் குழலின் விட்டம் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலத்தை ஒட்டியது. கசடு படியட்டும் என்றே அவ்வளவு இடைவெளி விட்டார்கள். குண்டு கலகலவென்று உள்ளே விழும், வெளியே போகும்போது எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது. 1800இல் பேக்கர் ரைஃபிள் வந்தபோது குண்டு இறுக்கமாயிற்று, குறி நன்றாயிற்று, கசடு தொல்லையாயிற்று. தொடக்கத்தில் அந்த வீரர்களுக்குக் குண்டை அடித்து இறக்க மரச்சுத்தியலே கொடுத்தார்கள்.

1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே வேறு வழி கண்டார். குழலைவிடச் சற்றுச் சிறிய, அடிப்பகுதி குடைந்த குண்டு எளிதாக உள்ளே இறங்கும். சுடும்போது வாயுவின் அழுத்தத்தில் அடி விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டு அந்தக் குடும்பம்தான். அதுவும் போதாமல், 0.568 அங்குலமாக இருந்த அந்தக் குண்டைப் பின்னர் 0.55 ஆகக் குறைத்தார்கள். ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கியது கசடுதான்.

இதிலிருந்து 'குழல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு துல்லியம்' என்று புதியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. பளபளவென்று துடைத்த குழலில் போடும் முதல் குண்டு, அடுத்து வரும் குண்டுகள் விழும் இடத்தில் விழாமல் தள்ளி விழுவது வழக்கம். குறிக்கு வேண்டியது, ஒவ்வொரு சுடுதலின்போதும் ஒரே நிலையில் இருக்கும் குழல். அழுக்கே ஆனாலும் அதே அளவு அழுக்கு, அதே அளவு ஈரம் என்றால் குண்டுகள் நெருக்கமாக விழும். கசடு கூடிக்கொண்டே போனால் ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிட இறுகலாக இறங்குகிறது, குண்டைச் சுற்றிப் பொதிந்த துணி கிழிகிறது, அழுத்தமும் வேகமும் மாறுகின்றன. அப்புறம் பார்வைக்குறியை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் துடைப்பவர்கள் ஒரு கட்சி, நல்ல மசகு இருந்தால் துடைக்கவே வேண்டாம் என்பவர்கள் இன்னொரு கட்சி. இரு தரப்பும் குறி தவறாமல் சுடுகிறார்கள். ஒரு முறை துடைப்பது, அடுத்த முறை மறப்பது, கை இறுகும்போது மட்டும் துடைப்பது என்று இருப்பவர்கள்தான் கெட்டுப்போகிறார்கள். கடுங்குளிரில் நான் முதல் கட்சிதான். வறண்ட காற்றில் மசகை மட்டும் நம்பிக் கசடை ஒரே நிலையில் வைத்திருப்பது கெட்டிக்காரர்களுக்கே கடினம்.

துடைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

எதைக் கொண்டு துடைப்பது? கசடு உப்பு, உப்பைக் கரைப்பது தண்ணீர். வெயில் காலத்தில் துணித்துண்டை எச்சிலால் நனைத்தாலே போதும். மைனஸ் 10இல் அந்த எச்சில் குழலுக்குள் உறைந்து, கசடோடு சேர்ந்து பனிக்கட்டித் தடுப்பாகிவிடும். உடனே பலரும் சுத்தமான ஆல்கஹாலுக்குத் தாவுகிறார்கள். அது உறையாது, சீக்கிரம் காய்ந்தும் போகும். ஆனால் பொட்டாசியம் கார்பனேட் ஆல்கஹாலில் கரையாது. துணி கறுத்து வரும், துடைத்த திருப்தி கிடைக்கும், ஓடு அப்படியே சுவரில் இருக்கும். கரைப்பதற்குத் தண்ணீர், உறையாமல் காப்பதற்கு ஆல்கஹால் என்று இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடு அதே அளவு தண்ணீர் கலந்தால் மைனஸ் 10 வரை கவலையில்லை. அதற்கும் கீழே போனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். குளிர்நாடுகளில் கார் கண்ணாடி கழுவ விற்கும் நீலத் திரவத்தைப் பயன்படுத்துபவர்களும் உண்டு; வேலை செய்யும். அதில் மெத்தனால் இருக்கக்கூடும்; அது விஷம். துணித்துண்டை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

துணி நனைந்திருக்க வேண்டும், சொட்டக்கூடாது. இரண்டு விரலால் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், துளி விழக்கூடாது. சொட்டச் சொட்ட நனைத்த துணியைத் தள்ளினால் கரைந்த கசடு குழம்பாகி அடிக்குப் போய்த் தேங்கும். தீ நுழையும் துளையை அடைக்கும், அடுத்து ஊற்றும் மருந்தையும் நனைக்கும். குளிர்காலத்தில் துப்பாக்கி வெடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தாராள மனசுதான். துணியை மெதுவாக ஒரே ஓட்டமாக அடிவரை இறக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மேலே இழுக்க வேண்டும். திருப்பிப் போட்டு இன்னொரு முறை. பிறகு உலர்ந்த துணி ஒன்று. வரிசையும் எண்ணிக்கையும் ஒவ்வொரு குண்டுக்கும் மாறக்கூடாது. சுட்டவுடன் இதைச் செய்துவிடுவது நல்லது; குழலில் இன்னும் சூடு இருக்கும்போதே கசடு எளிதாகக் கரையும். அரட்டை அடித்துவிட்டு வந்தால் ஓடு கட்டியிருக்கும்.

கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான குழலில், வழக்கமான அளவு மருந்தின் மேல் குண்டு முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது, குழலின் வாய் கோலில் எந்த இடத்தில் வருகிறதோ அங்கே. பத்துப் பைசா செலவில்லாத இந்தக் கோடு இரண்டு விஷயங்களைச் சொல்லும். சில குண்டுகளுக்குப் பிறகு கோடு வாய்க்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறி நின்றால், அடியில் கசடு சேர்ந்துகொண்டிருக்கிறது. விரற்கடை அளவுக்கு மேலே நின்றால் குண்டு நடுவழியில் சிக்கியிருக்கிறது. அந்த நிலையில் சுடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் உப்பலாம், பிளக்கலாம். சிக்கிய குண்டை வெளியே எடுக்கத் தனித் திருகுக் கருவி உண்டு. சுட்டே வெளியே அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு மட்டும் வரக்கூடாது.

மெழுகைக் குறை, எண்ணெயைக் கூட்டு

உருண்டையான ஈயக்குண்டை மசகு தடவிய பருத்தித் துணியில் பொதிந்து இறக்குவதுதான் வாய்வழித் துப்பாக்கியின் மரபு. துணியே குண்டைப் பிடித்துச் சுழற்றுகிறது, வாயு கசியாமல் தடுக்கிறது, இறங்கும்போது கசடையும் வழிக்கிறது. தலையணை உறை தைக்கும் நெருக்கமான பருத்தித் துணி இதற்குப் பெயர்போனது. சற்று இறுக்கமாக இருக்கும் துணியே நல்லது. வாயு கசியாவிட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் மருந்து முழுமையாக எரியும்.

மசகுக்குத் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலப்பது பழைய வழக்கம். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரியை ஒட்டி. வெயிலில் அது வடிந்துபோகாமல் காக்கும். குளிரில் அதே குணம் எதிரியாகிறது: துணி விறைக்கிறது, மெழுகு செதில் செதிலாக உதிர்கிறது. ஆகவே குளிர்காலக் கலவையில் மெழுகைப் பாதிக்குக் குறைத்து, ஆலிவ் எண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் கூட்டுகிறார்கள். ஆலிவ் எண்ணெயும் கடுங்குளிரில் கட்டிதட்டும். 19ஆம் நூற்றாண்டில் கடுங்குளிருக்குக் கைகொடுத்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய். அதைக் குளிர்காலத்தில் பிழிந்து, கட்டியாகும் பகுதியை நீக்கி, 'குளிர்கால வடிப்பு' என்று அதிக விலைக்கு விற்றார்கள். கனிம எண்ணெயை, அதாவது சாதாரண இயந்திர எண்ணெயை, மசகாகப் பயன்படுத்துவதை அனுபவசாலிகள் தவிர்க்கிறார்கள். கருமருந்துக் கசடோடு சேர்ந்தால் அது கறுத்த பிசினாகிவிடுகிறது.

போட்டிக்களத்தில் உடனுக்குடன் சுடுபவருக்குத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஈரத்துணி மசகாகவும் உதவும். வேட்டைக்குப் போய் மணிக்கணக்கில் மரத்தடியில் காத்திருப்பவருக்கு அது ஆகாது. ஈரம் மருந்துக்குள் இறங்கும், குழலும் துருப்பிடிக்கும். அவருக்கு எண்ணெய் மசகுதான் சரி.

எந்த மசகு சரிப்படுகிறது என்பதைப் பனிக்காலம் ஒரு விதத்தில் எளிதாகவே சொல்லிவிடும். சுட்ட துணி சில மீட்டர் தள்ளி வெண்பனி மேல் கறுப்பாகக் கிடக்கும். களத்தில் சுடுவது நின்றதும் போய் எடுத்துப் பாருங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம், சுற்றிலும் கரி, ஓரம் நைந்திருந்தாலும் துணி முழுசாக இருந்தால் எல்லாம் சரி. வட்டத்தைச் சுற்றி எரிந்த ஓட்டைகள் இருந்தால் வாயு கசிகிறது. ஓரங்களில் கத்தியால் கீறியது போன்ற வெட்டுகள் இருந்தால், இறுகிய கசடோ குழல்வாயின் கூர்மையோ துணியை அறுக்கிறது.

பித்தளைத் தோட்டாவில் கருமருந்து நிரப்பிப் பின்பக்கமாகச் செருகும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் வகை ரைஃபிள்களில் வேறு ஓர் உத்தி உண்டு. தோட்டா அறையில் ஒரு குழாயைச் செருகிச் சில முறை மூச்சு ஊதுவார்கள். நம் மூச்சில் இருக்கும் ஈரம் கசடை இளக்கிவிடும். பின்பக்கம் திறந்து, தோட்டா வெளியே எடுத்த பிறகு மட்டுமே இது. குழலின் வாயில் வாய் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. உறைபனியில் இந்த உத்தியை நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். சுட்ட சூடு குழலில் இருக்கும்போது ஊதினால் ஈரம் பனித்துளியாகப் படிந்து கரைக்கும். குழல் ஆறிய பிறகு ஊதினால் அதே ஈரம் உள்ளே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ரைஃபிள்களின் வாயில், சுட்டபின் மசகு நட்சத்திர வடிவில் ஈரமாகப் பதிந்திருந்தால் மசகு கடைசிவரை வந்திருக்கிறது என்று பொருள். நட்சத்திரம் மறைந்தால் குழலின் கடைசிப் பகுதி வறண்டுவிட்டது. அடுத்து குறி சிதறும்.

மருந்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல இல்லை. மூன்று எஃப் எனப்படும் நுண்மணி மருந்து, சற்றுப் பருமணியான இரண்டு எஃப்பைவிடக் குறைவாகக் கசடு விடும். ஆனால் அழுத்தம் கூடுதல், துப்பாக்கியைச் செய்தவர் அனுமதித்த அளவைப் பார்த்தே மாற்ற வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஓபோன் ஊரில் செய்யும் மருந்து ஈரப்பசையான கசடு விடுவதாகப் போட்டியாளர்களிடையே நல்ல பெயர் உண்டு.

குளிரில் குழல் சுருங்கிவிடுகிறது, அதனால்தான் குண்டு இறுகுகிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அரை அங்குல எஃகுக் குழல் 40 டிகிரி குளிர்ந்தால் விட்டம் குறைவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. ஈயம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும் என்பதால் குண்டு இன்னும் தளரத்தான் செய்யும். குண்டைச் சுற்றும் துணியின் தடிமனோ 0.4 மில்லிமீட்டர். குழலின் மேல் பழி போட வேண்டியதில்லை. ஆனால் குளிரில் குண்டு சற்றுத் தாழ்ந்து விழுவது நிஜம். 30 டிகிரிக் காற்றைவிட மைனஸ் 10 டிகிரிக் காற்று சுமார் 15 சதவீதம் அடர்த்தி கூடியது. உருண்டைக் குண்டு அதில் வேகமாக வேகமிழக்கும். எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் தாழ்ந்து விழுந்தால் காரணம் காற்று, பார்வைக்குறியைத் திருத்திக்கொள்ளலாம். இறைந்து விழுந்தால் காரணம் கசடு, குழலைக் கவனிக்க வேண்டும்.

நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த இரும்பின் மேல் அறையின் ஈரம் வியர்த்துப் படியும். வெளிக்குளிரில் கிடைக்காத தண்ணீர் கார்பனேட்டுக்கு இப்போது தாராளமாகக் கிடைக்கும், துருவும் அன்றிரவே தொடங்கிவிடும். ஆகவே மருந்து நீக்கிய துப்பாக்கியை அன்றைக்கே வெந்நீரால் கழுவுவதுதான் முறை. வெந்நீர் கசடைக் கரைப்பதோடு குழலையும் சூடாக்குவதால், உள்ளே தங்கும் ஈரம் தானே உலர்ந்துவிடும். பிறகு காப்புக்கு எண்ணெய் பூசி வைக்கலாம். அடுத்த முறை கிளம்புவதற்கு முன் அந்த எண்ணெயைச் சுத்தமான ஆல்கஹால் துணியால் துடைத்துவிட வேண்டும். இந்த வேலைக்கு ஆல்கஹாலை மிஞ்ச ஆளில்லை. தீத்துளைக்குள்ளும் ஓர் இறகையோ குழாய் துடைக்கும் கம்பியையோ விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தங்கும் எண்ணெய் குளிரில் தடித்து அடைத்துக்கொண்டால் முதல் குண்டே வெடிக்காது.